கை தவறி என்று எழுத வேண்டாம்

முதலில் அந்தத் துப்பாக்கி என்ற சொல்லை அடித்துவிடுங்கள் அம்மா. அது ஆணி அடிக்கிற மெஷின். வேலை செய்கிற இடத்தில் கன் என்று சொல்வோம், அவ்வளவுதான். கன் என்று சொல்வதால் அது துப்பாக்கி ஆகிவிடாது. என் பெயர் பாவாடை. அதற்காக என்னை யாரும் இடுப்பில் கட்டிக்கொள்வதில்லை.

உங்கள் கான்ஸ்டபிள் காலையில் முதலியார்பேட்டையில் என் வீட்டுக்கு வந்தார். சுருண்டு கிடந்த ரப்பர் குழாயைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "தோட்டா எங்க வச்சிக்கிற பெரியவரே?" என்று கேட்டார். ஆணி டப்பாவைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சீப்பு மாதிரி வரிசையாக ஒட்டியிருக்கிற ஆணியில் ஒரு சீப்பை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சாட்சிக்கு என்றார். வீட்டில் காலண்டர் மாட்ட ஆணி இல்லை போலிருக்கிறது. நான் யாரையும் குறை சொல்லவில்லை.

நீங்கள் நிதானமாக எழுதுங்கள். உங்கள் சட்டையில் துர்கா என்று இருப்பதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். அந்த அளவுக்குப் படிப்பு உண்டு. எழுதி முடித்ததும் நீங்கள் படித்துக் காட்டினால் போதாது. நானே ஒருமுறை விரல் வைத்துப் படிப்பேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். பால்காரன் எதிரிலேயே பாலை விரலில் தொட்டுப் பார்க்கிறவன் நான். டாக்டர் ஊசி போட்டால் மருந்து பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். இங்கிலீஷ் தெரியாது. இருந்தாலும் பார்ப்பேன். ஒருத்தன் பார்க்கிறான் என்று அவர்களுக்குத் தெரியணும்.

நான் நம்புகிறது அந்த மெஷினை மட்டும்தான். ஏன் என்று சொல்கிறேன். இதை நீங்கள் எழுதித்தான் ஆகணும்.

அதற்கு ஒரு மூக்கு உண்டு. அந்த மூக்கை மரத்தின் மேல் வைத்து அழுத்தினால் உள்ளே போகும். உள்ளே போன பிறகு டிரிக்கரை இழுத்தால்தான் ஆணி இறங்கும். மூக்கை அழுத்தாமல் டிரிக்கரை மட்டும் இழுத்தால் சும்மா இருக்கும். டிரிக்கரைத் தொடாமல் மூக்கை மட்டும் அழுத்தினாலும் சும்மா இருக்கும். இரண்டையும் செய்கிறவனுக்கு மட்டும்தான் அது கட்டுப்படும். அதாவது நீ நினைத்ததைத்தான் செய்கிறாயா என்று இரண்டு தரம் கேட்கிற மெஷின் அது. மனுசரில் அப்படிக் கேட்கிறவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் சொல்லுங்கள்.

வேலை எங்கே என்றால், சாரம் ஏரியாவில், அன்வருதீன் பாய் பட்டறையில். பாய் பழைய மாடல் நாற்காலி, அலமாரி, ஊஞ்சல் எல்லாம் செய்து பிரான்சுக்கு அனுப்புகிறவர். நமது ஊர் வெள்ளைக்கார மதாம்கள் வந்து தட்டிப் பார்த்து, ஏதோ அவர்கள் தாத்தா விட்டுப்போனது மாதிரி உருகிப்போய் வாங்குவார்கள். செய்தது போன மாதம். நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம். செய்கிறவர்கள் வேறு ஆட்கள். அதைக் கப்பலில் ஏற்ற மரப்பெட்டி அடிக்கிறவன் நான்.

பெட்டி அடிப்பதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். நாற்காலியை உள்ளே வைத்து மூடிவிட்டால் போதாது. கப்பல் ஆடும். ஆடினால் உள்ளே இருப்பது நகரும். நகர்ந்தால் உடையும். துணி சுற்றலாம், வைக்கோல் அடைக்கலாம், எல்லாம் அப்புறம். முதலில் காலை நிறுத்தணும். நாலு காலையும் சுற்றிச் சின்னச் சின்னக் கட்டை வைத்து, அடிப்பலகையோடு ஆணி இறக்கிவிடுவோம். கால் நின்றுவிட்டால் மேலே இருப்பது எங்கும் போகாது. என் பெட்டியில் போன எந்தச் சாமானும் உடைந்து போய்ச் சேர்ந்ததாகத் தகவல் இல்லை.

என்னோடு வேலை செய்கிறவன் வடிவேல். அவனும் பேரன் எடுத்தவன்தான். அவன் அந்த மூக்கைக் கம்பி போட்டுப் பின்னால் இழுத்துக் கட்டிவிடுவான். அப்போது டிரிக்கரைத் தொட்டாலே போதும், ஆணி பறக்கும். வேலை சீக்கிரம் ஆகும். நான் ஒவ்வொரு தடவையும் மூக்கை வைத்து, அழுத்தி, அப்புறம் இழுப்பேன். அவனுக்கு அது கிண்டல்.

"பாவாடையண்ணன் ஒவ்வொரு ஆணிக்கும் பூசை போட்டுத்தான் எறக்குவாரு. தேங்கா ஒடைக்கிறதுதான் பாக்கி" என்பான்.

பாய் தலையை நிமிர்த்தாமல் சொல்வார்: "அவரு அடிச்ச பொட்டி பாரீஸ் போயும் பிரியல வடிவேலு. நீ அடிச்சது லாரி ஏறும்போதே பிரிஞ்சிடுச்சி."

அந்த வடிவேல்தான் ஒரு நாள் டிரிக்கரில் விரலை வைத்துக்கொண்டே நடந்துவந்து, தொடையில் ஆணியை ஏற்றிக்கொண்டான். ஆட்டோவில் போகும்போது, வரும்போது, ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களிடம், எல்லாரிடமும் ஒரே பாட்டு. கை தவறிடுச்சி. கை எப்படித் தவறும். கம்பி போட்டுக் கட்டினது கைதானே. அன்றிலிருந்து கை தவறிவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

சரி. என் பெண்டாட்டி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பேனாவை ஆட்டுகிறீர்கள்.

அவள் பெயர் செல்வாம்பாள். எங்களுக்கு ஒரே பெண், மாலா. அவளைக் கட்டின பையன் விஜயராகவன், கருவடிக்குப்பத்துப் பையன். அவன் தாத்தா பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். அதனால் அந்தக் குடும்பத்துக்கே அந்த ஊர்க் குடியுரிமை. கல்யாணம் ஆனதும் பெண்ணைப் பிரான்சுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். நல்ல பையன். நான் நம்புவதில்லை, அது வேறு.

மாலா உண்டானாள். அம்மா வந்து பக்கத்தில் இருக்கணும் என்றாள். அப்பாவும் வரணும் என்றாள். சென்னையில் விசா ஆபீசுக்குப் போனோம். பத்து விரலையும் கண்ணாடியில் வை என்றார்கள். நான் என்ன தப்பு செய்தேன், கைரேகை எடுக்கிறார்கள் என்று எழுந்து வந்துவிட்டேன். செல்வா பத்து விரலையும் வைத்துவிட்டு வந்தாள். ஏதோ மருதாணி வைத்துக்கொண்ட மாதிரி கையை விரித்துக்கொண்டு வந்தாள். அப்போதே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

எங்கள் எதிர்வீட்டு ராமலிங்கத்தை உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவன் பெண்டாட்டி சுலோசனா இப்படித்தான் பெண்ணின் பிரசவத்துக்கு என்று போனாள். ஒரு நாள் அவனிடம் கேட்டேன்.

"எப்படா வர்றா?"

"மொதல்ல கொழந்த உக்கார்ற வரைக்கும்னா. அப்பறம் நடக்கட்டும்னா. நடக்கிறதுக்குள்ள பொண்ணு மறுபடி உண்டாயிட்டா. இப்ப அவ பார்க்ல வாக்கிங் போறா மச்சான், பேன்ட்டு போட்டுக்கினு."

"நீ ஒண்ணும் கேக்கலியா?"

"கேட்டேனே. போன்ல வந்து 'சவா?'ன்னா. நானும் 'சவா'ன்னேன். வச்சிட்டா."

சவா என்றால் சௌக்கியமா என்று அர்த்தமாம். எனக்கு வேறு மாதிரிதான் காதில் விழுந்தது. அவன் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு, பல் குத்திக்கொண்டு, சிரித்துக்கொண்டே இதைச் சொன்னான். "நீயும் என்னோட மெஸ்ஸுக்கு வந்துடு. ரெண்டு பேரா போனா ரசம் கேட்டு வாங்கலாம்" என்றான். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. செல்வா காரணம் கேட்டாள். வயிறு சரியில்லை என்றேன்.

நான் அவளைப் போகாதே என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். போகாதே என்று சொல்கிற மனுசன் நான் இல்லை. வாயால் சொன்னால் அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டால் அப்புறம் நான் சொன்னதற்கு மதிப்பில்லை.

அந்தச் சமயம் பார்த்துப் புயல் வருகிறது என்றார்கள். அன்வருதீன் பாயிடம் கேட்டு, கன்னையும் அதற்குக் காற்று அடைக்கிற சின்ன கம்ப்ரசரையும் வீட்டுக்கு எடுத்து வந்தேன். ஜன்னலுக்குப் பலகை அடிக்கணும் என்றேன். பாய் நல்ல மனுசர். "அடிங்கண்ணே, பாத்து அடிங்க" என்றார். வீட்டு ஜன்னல்களையெல்லாம் வெளியிலிருந்து பலகை வைத்து மூடினேன். கொல்லைக் கதவையும் நிலையோடு சேர்த்து அடித்துவிட்டேன். புயல் கடலிலேயே திரும்பிக்கொண்டு வேறு எங்கோ போய்விட்டது. வானிலைக்காரர்களை நான் நம்பாதது சரிதான் என்று ஆயிற்று.

பலகையை எடுக்கவில்லை. திரும்பி வந்தாலும் வரும் என்றேன்.

செல்வா இருட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே சொன்னாள்: "வெளிய இருந்து வர்ற புயலுக்குப் பலக அடிச்சிட்ட. உள்ள ஒண்ணு சட்ட போடாம திரியுதே, அதுக்கு எங்கய்யா அடிப்ப?"

அப்படித்தான் பேசுவாள். கம்ப்ரசரில் தண்ணீர் சேர்ந்திருந்தது, அதை வடித்துக்கொண்டிருந்தேன். தினமும் வடிக்கணும். காற்றோடு தண்ணீர் போனால் மெஷின் உள்ளே துருப்பிடிக்கும். பலர் செய்வதில்லை.

அவள் செருப்பில் நான் ஆணி அடித்தது விளையாட்டுக்குத்தான். தரை சிமெண்டு, அதில் இறங்காது, ஆணி தெறிக்கும், யார் கண்ணிலாவது பாயும். அதனால் ஒரு பலகை போட்டு, அதன் மேல் செருப்பை வைத்து, நான் கண்ணாடி மாட்டிக்கொண்டு, அவளைச் சமையல் அறைக்குள் போகச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் அடித்தேன். காலையில் அவள் அதைப் போட்டுக்கொண்டு ஒரு அடி வைக்கப் பார்த்தாள். பலகையோடு சேர்ந்து வந்தது. விழுந்து விழுந்து சிரித்தாள். தெருவுக்கே அழைத்துக் காட்டினாள்.

"இந்தா பாருங்கடி, எங்க ஊட்டுக்காரரு எனக்குப் பாதக்கட்ட செஞ்சி குடுத்துக்கிறாரு. இதப் போட்டுக்கினுதான் ஏரோபிளேன் ஏறணுமாம்."

சிரித்தாள் என்றால் கோபம் இல்லை என்று அர்த்தம். அதனால் அடுத்தது அவள் பயணப் பெட்டியை அடித்தேன். புதுப் பெட்டி, சக்கரம் வைத்தது, மாலா வாங்கச் சொன்னது. சக்கரம் இருந்தால் நகரும். அதன் நாலு மூலையிலும் கட்டை கொடுத்து, கட்டில் பலகையோடு சேர்த்து நிறுத்திவிட்டேன். நல்ல வேலை. வெளியே ஆணித் தலைகூடத் தெரியாது. செல்வா அதை இழுத்துப் பார்த்தாள். இந்தத் தடவை சத்தம் போட்டுச் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு துணிப்பைகளில் மாற்றினாள். குழந்தைக்கு என்று தைத்த சட்டைகள், வசம்பு, உரை மருந்து, சுக்கு. அதையெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"யோவ். எனுக்குப் பேரப்புள்ள பொறக்கப் போவுது. அத ஒரு தடவ குளிப்பாட்டிட்டு வந்துர்றேனே. வேற ஒண்ணும் கேக்கலியே நானு."

"நான் இன்னா சொன்னேன்? போயேன்" என்றேன்.

அதுதான் நான் சொன்னது. சாட்சி வேண்டுமென்றால் அவளையே கேளுங்கள்.

புறப்படுகிற அன்று மத்தியானம் கார் வந்தது. அவள் அண்ணன் மகன் அருள்முருகன் சென்னைக்கு அழைத்துப் போக வந்திருந்தான். பைகளைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்துக்கொண்டிருந்தான். நான் வாசல் நிலைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். நிலையில் ஒரு சட்டம் பெயர்ந்திருந்தது. அதை அடிக்கலாம் என்று கன்னைக் குழாயில் மாட்டி வைத்திருந்தேன். கம்ப்ரசர் நிறைந்து தானாகவே நின்றுவிட்டது. காற்றின் அளவு காட்டுகிற முள் பச்சைக் கோட்டைத் தாண்டவில்லை. தாண்டினால் ஆணி வேகமாகப் போய் மரத்தைப் பிளந்துவிடும். குறைவாக இருந்தால் பாதியில் நிற்கும். சரியாக இருந்தது.

செல்வா புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். செருப்பு வெளியே படிக்கட்டில் இருந்தது, புதுச் செருப்பு. வெறுங்காலோடு வந்து எனக்கு எதிரில் நின்று உத்தரவு போட ஆரம்பித்தாள்.

"ரசப்பொடி சின்ன டப்பாவுல. பெரிய டப்பாவுல இருக்கிறது சீயக்கா, அத ஊத்திக் குடிச்சிடாத. கேஸ தெறந்தா மூடு. ராமலிங்கத்தோட சேந்துக்கினு மெஸ்ஸுக்குப் போவாத, அந்த எண்ணெ உனுக்கு ஆவாது. பக்கத்து ஊட்டுத் தனக்கொடி கெழமைக்கு ரெண்டு தரம் மீன் கொழம்பு குடுக்கிறேன்னு சொல்லிக்கிறா. உப்பு இல்லன்னு அவ மூஞ்சிக்கு நேரா சொல்லாத. எங்கிட்ட போன்ல சொல்லு. நான் சிரிச்சிக்கிறேன்."

நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். வெளியே அருள்முருகன் ஹாரன் அடித்தான். அவள் வலது காலை எடுத்து வாசல்படியின் மேல் வைத்தாள். நல்லதுக்குப் போகிறவள் படியை மிதிக்கக் கூடாது, தாண்டித்தான் போகணும். அவளுக்குத் தெரியாததா. அவசரம். மிதித்துக்கொண்டே திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"சரி, போறேன்யா."

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். உங்களுக்குப் புரிகிறது. யாரும் வீட்டைவிட்டுப் போகும்போது போறேன் என்று சொல்வார்களா அம்மா. கடைக்குப் போகிறவள்கூட போய்ட்டு வரேன் என்றுதான் சொல்வாள். வரேன் என்று சொல்லித்தான் போகணும். போறேன் என்று சொல்கிறவர்கள் இரண்டே ஆட்கள். ஒன்று சண்டை போட்டுக்கொண்டு போகிறவர்கள். இன்னொன்று உயிரைவிடப் போகிறவர்கள். இவள் இரண்டும் இல்லை.

"இன்னா சொன்ன?" என்று கேட்டேன்.

"போறேன்னு சொன்னேன்."

"போய்ட்டு வரேன்னு சொல்லு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் மடியில் இருந்த கன்னைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "சொல்லலேன்னா இன்னா பண்ணுவ? எம் புடவையப் புடிச்சி ஆணி அடிச்சிடுவியா?" என்றாள். "போறேன், போறேன், போறேன். வரணும்னா நீ வந்து கூட்டிக்கினு வா. பத்து வெரலையும் வச்சிட்டு வா."

விளையாட்டுக்குச் சொன்னாள் என்று அருள்முருகன் சொல்கிறான். அவன் வண்டியில் இருந்தான். அவனுக்கு எப்படித் தெரியும். எனக்கே தெரியவில்லை.

இப்போது நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். இந்த இடத்தில்தான் உங்களுக்கும் எனக்கும் தகராறு.

குனிந்தேன். அவள் கால் படியின் மேல் தட்டையாக இருந்தது. படி தேக்கு, அந்த இடத்தில் கணு கிடையாது. கணு இருந்தால் ஆணி வளைந்து திரும்பி வரும், அதனால் பார்த்தேன். ஓரத்தில் இருந்தால் மரம் பிளக்கும், அதையும் பார்த்தேன். அந்தப் பக்கம் யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில், செருப்பு வார் போகிற இடத்தில், எலும்பு இல்லை. அங்கே மூக்கை வைத்தேன். என் இடது கையைப் பின்னால் எடுத்துக்கொண்டேன். அழுத்தினேன். மூக்கு உள்ளே போயிற்று.

அவள் அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தாள். கூசுது என்று சொன்னாள்.

டிரிக்கரை இழுத்தேன்.

அதற்கு அப்புறம் நான் செய்ததைப் பற்றித் தெருவில் தப்பாகப் பேசிக்கொள்கிறார்கள். அவள் கத்தும்போது இவன் மெஷினைக் கழுவிக்கொண்டிருந்தான் என்று சொல்கிறார்களாம். கழுவவில்லை. டிரிக்கரிலிருந்து விரலை எடுத்தேன். குழாயைக் கழற்றினேன். மிச்சக் காற்றை விட்டேன். ஆணிச் சீப்பை உருவி டப்பாவில் போட்டேன். மெஷினைப் பரணில் வைத்தேன். அதுதான் முறை. காற்று இருக்கிற மெஷினைக் கீழே வைத்துவிட்டு ஓடினால், ஓடுகிற அவசரத்தில் இன்னொருத்தருக்கு அடிபடும். ஒரு விபத்து நடக்கிற இடத்தில் இரண்டாவது விபத்து நடக்கக் கூடாது.

விபத்து என்று நான் சொன்னது ஒரு பேச்சுக்கு. அதைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

அருள்முருகன் ஓடிவந்து என்னை ஒரு அறை விட்டான். சின்னப் பையன், அத்தை மேல் பாசம், நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவன் ஆணியைக் குறடு போட்டு இழுக்கப் போனான். நான்தான் தடுத்தேன். அந்த ஆணிக்குப் பசை உண்டு, இறங்கும்போது சூட்டில் உருகி மரத்தைப் பிடித்துக்கொள்ளும். இழுத்தால் சதையோடு வரும். ரம்பத்தை எடுத்து, படியில் காலுக்கு இரண்டு பக்கமும் அறுத்து, துண்டாக எடுத்தேன். ஆட்டம் இல்லாமல் அறுத்தேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போது கத்தவில்லை. "இன்னாய்யா இது, இன்னாய்யா இது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். கேள்வி மாதிரியும் இல்லை. ஆஸ்பத்திரியில் அந்தத் துண்டுப் படியைப் பார்த்துவிட்டு டாக்டரே "அறுத்தது யார், நன்றாக அறுத்திருக்கிறாரே" என்று கேட்டாராம்.

விமானம் போய்விட்டது. புண்ணில் சீழ் வைத்து, அவள் ஆஸ்பத்திரியிலேயே படுத்துக் கிடந்தாள். மாலாவுக்கு வலி எடுத்தபோது பக்கத்தில் யாரும் இல்லை. விஜயராகவன் வேலைக்குப் போயிருந்தான். தானே போன் செய்து வண்டி வரவழைத்துத் தனியாகப் போனாளாம். பெண் குழந்தை. செல்வா கட்டிலில் படுத்துக்கொண்டே போனில் பார்த்தாள். முதல் குளியலும் அதிலேயே பார்த்தாள். யாரோ ஒரு வெள்ளைக்கார நர்ஸ் குளிப்பாட்டினாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற விதம் சரியில்லை என்று செல்வா போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று தனக்கொடி வந்து சொன்னாள். என்னை உள்ளே விடவில்லை. நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

அங்கேதான் நீங்கள் வந்து அவளிடம் எழுதி வாங்கினீர்கள். அவள் என்ன சொன்னாள் என்று இன்றைக்குத்தான் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். நிலைச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரருக்குக் கை தவறிவிட்டது, வேண்டுமென்று செய்யவில்லை, கேஸ் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள்.

நல்ல மனசு உங்களுக்கு. "பெரியவரே, அந்தம்மாவே அப்படித்தான் சொல்லிட்டுப் போயிருக்காங்க. வயசான காலத்துல உங்கள உள்ள தள்ளி எனக்கு இன்னா ஆவப்போவுது? கை தவறிடுச்சின்னே எழுதிக்கிறேன். கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்புங்க" என்றீர்கள்.

மாட்டேன் அம்மா.

என் கை தவறவில்லை. நான் மூக்கைக் கட்டி வைக்கிறவன் இல்லை. டிரிக்கரில் விரல் வைத்து நடக்கிறவன் இல்லை. சில மெஷின் அடித்த வேகத்தில் பின்னால் உதைத்து இரண்டாவது ஆணி தானாகப் போகும், அதுவா என்று கேட்டீர்கள். அது டிரிக்கரை அழுத்திப் பிடித்துக்கொண்டே குத்துகிறவர்களுக்கு. போனது ஒரே ஆணி. நீங்கள் கை தவறி என்று எழுதினால், நாளைக்கு வடிவேல் படிப்பான். அவனும் நானும் ஒன்று என்று ஆகிவிடும். செல்வா என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். என்னோடு இத்தனை வருஷம் வாழ்ந்தும் அவளுக்கு அந்த மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. கை தவறினால் அது எவனுக்கோ நடந்தது. இது அவளுக்காக நான் பார்த்துப் பார்த்துச் செய்தது. ஓரம் பார்த்து, கணு பார்த்து, எலும்பு பார்த்து வைத்தது. வேண்டாத ஆளுக்கு யாராவது இவ்வளவு பார்ப்பார்களா.

அதனால் இப்படி எழுதுங்கள். முதலியார்பேட்டையில் இருக்கும் பாவாடை ஆகிய நான், என் மனைவி செல்வாம்பாளின் வலது காலை, தெரிந்தே, நினைத்தே, மூக்கை அழுத்தி டிரிக்கரை இழுத்து, வாசல்படியோடு ஆணி அடித்தேன். அவள் போகக் கூடாது என்பதற்காக அடித்தேன். புத்தி சரியாக இருந்தது. குடிக்கவில்லை. இதைத்தான் எழுதணும்.

நேற்று விமானம் ஏறிப் போய்விட்டாள். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்களாம். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, மடியில் அந்தத் துணிப்பைகளை வைத்துக்கொண்டு போனாள் என்று அருள்முருகன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். என்னிடம் சொல்லவில்லை. என்னைப் பற்றி அவள் ஏதாவது கேட்டாளா என்று தனக்கொடியை விட்டு விசாரித்தேன். கேட்கவில்லையாம்.

எனக்கு வருத்தம் இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னது வராந்தாவில் எனக்குக் காதில் விழுந்தது. புண் ஆறிவிடும், ஆனால் குளிர் பட்டால் அந்த இடம் வலிக்கும், ஆயுசுக்கும் வலிக்கும் என்றார். அந்த ஊரில் இப்போது நல்ல குளிராம். தினமும் வலிக்கும். வலிக்கும்போதெல்லாம் என் நினைப்பு வரும் அவளுக்கு. அவ்வளவு நினைப்பு வந்த பிறகு ஒரு பொம்பளை அங்கே எப்படி இருப்பாள் சொல்லுங்கள். வந்துவிடுவாள்.